மூடிவைத்த தாள்

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளுக்கு முந்தைய இரவு, சேலம் பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் போட்டுக் கொடுத்த எண் தவறானது. அவருக்கு வெள்ளி விற்றவர்களில் சிலர் தங்கள் பில்லை இணையதளத்தில் ஏற்றியிருக்கவில்லை. அப்படி ஏற்றப்படாத பில்களுக்கு, ஏற்றப்பட்ட பில்களின் வரி வரவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வரைதான் உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, கழித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. ஏற்றப்பட்டவற்றின் வரவு 1,20,000 ரூபாய். அதில் 20 விழுக்காடு, அதாவது 24,000 ரூபாய் என்று கணக்கிட்டுத் தாக்கல் செய்துவிட்டு விளக்கை அணைத்தேன். அந்த 20 விழுக்காடு 2019 அக்டோபர் 9 தொடங்கி டிசம்பர் முடியும் வரைதான் இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அது 10 ஆகியிருந்தது. எடுத்திருக்க வேண்டியது 12,000 மட்டுமே.

எனக்கு அந்த மாற்றம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அறிவிக்கையின் அச்சுப்படி என் மேசையிலேயே இருந்தது. 10 என்ற எண்ணின் மீது மஞ்சள் மையால் நானே பட்டையாகக் கோடு போட்டிருந்தேன். அதைப் பற்றிய இரண்டு இணையவழிக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்தேன். படித்தபோது புரிந்தது, கேட்டபோது புரிந்தது, அந்த இரவில் கைக்கு வந்தது மட்டும் பழைய எண். அடுத்த மாதம் என்னிடம் பயிலும் பெண் அதைக் கண்டுபிடித்தாள். திருப்பிக் கட்டியதற்கான வட்டியை நானே ஏற்றுக்கொண்டேன். வட்டி பெரிய தொகையில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கால் நூற்றாண்டாகக் கடை விரித்திருப்பவளுக்கு வெட்கம்தான் பெரிது.

நான் பட்டயக் கணக்காளர் அல்லள், வரி ஆலோசகர். கடைத்தெருவில் எங்களையும் ஆடிட்டர் என்றே அழைப்பார்கள், நாங்களும் திருத்துவதில்லை. 1994இல் நான் தொழிலுக்கு வந்தபோது நடப்பில் இருந்தது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம். அது 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரிக்கு இடம் விட்டது. அதுவும் பத்தரை ஆண்டுகளில், 2017 ஜூலை 1 அன்று, ஜிஎஸ்டிக்கு இடம் விட்டது. முதல் சட்டம் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் நின்றது, இரண்டாவது பத்தரை ஆண்டுகள் நின்றது, மூன்றாவது நின்றுகொண்டே மாறுகிறது. நான் சொன்ன அந்த ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டாலும், 20 என்பது 10 ஆகி, 2021 ஜனவரியில் 5 ஆகி, 2022 ஜனவரியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. பட்டறைக்காரர்களுக்கு வெள்ளி விலை ஏறி இறங்குவது எப்படியோ, எங்களுக்கு விதிகள் அப்படி. அவர்களுக்காவது விலை தினமும் காலையில் தெரிந்துவிடுகிறது.

அந்தத் தவறுக்குப் பிறகு நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான்: இன்னும் அதிகமாகப் படித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து சுற்றறிக்கைகள், இரவில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்ட காணொளிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் முழுநாள் வகுப்புகள். ஒவ்வொரு நாளும் நிறையக் கற்றுக்கொண்ட நிறைவோடு படுத்தேன். அந்த நிறைவு பொய்ச்சாட்சி என்பதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டுப் பேருந்து வேண்டியிருந்தது.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்குகளை நான் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை மேலே போக வேண்டும். மலைப்பாதையில் கார் ஓட்டும் துணிவு எனக்கு இல்லாததால் பேருந்துதான். அடிவாரம் தாண்டிய பின் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில பயணங்களில் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று சுற்றறிக்கையை மடியில் விரித்து வைத்துப் படிக்கப் பார்த்தேன். நான்காவது வளைவைத் தாண்டுவதற்குள் எழுத்துகள் நீந்தத் தொடங்கின. பக்கத்து இருக்கை அம்மாள் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் மேலே போய்ச் சேர்ந்தேன். அதன் பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முந்தைய இரவு படித்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு வேலை இல்லாததால் செய்ததுதான், திட்டமிட்டுச் செய்ததன்று. இந்த மாற்றம் யாருக்கு? எந்தத் தேதியிலிருந்து? விலக்கு எவருக்கு? முன்பு என்னவாக இருந்தது? இரண்டு கேள்விகளுக்கு விடை வரும், மூன்றாவதில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டல் தொந்தரவாக இருக்கும்; தோட்டத்து அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்தவுடன் காப்பி வருவதற்கு முன்பே பையைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடுவேன்.

நான்கைந்து மாதங்களுக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. வாடிக்கையாளர்கள் திடீரென்று கேட்கும்போது தடுமாறாமல் என் வாயில் வந்தவை, பெரும்பாலும் ஏற்காடு போவதற்கு முந்தைய இரவுகளில் படித்தவை. மாதத்தின் மற்ற இருபத்தொன்பது நாட்கள் மஞ்சள் கோடு போட்டுப் படித்தவை எங்கே போயின என்றே தெரியவில்லை.

இதை உளவியலாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு படித்துத் தெரிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் அமர்வில் மட்டும் படித்து, மற்ற மூன்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காட்டைச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்களிடம் 40 எஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இந்த எண்களைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஒரு வாரம் கழித்து நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், நான்கு முறையும் படித்தவர்களே. மஞ்சள் மையோடு உட்கார்ந்திருந்த என்னை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

இதே கதையை வேறு விதமாகச் சொல்லும் இன்னொரு ஆய்வும் உண்டு. பிரிட்டனின் அஞ்சல் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களையும் நாளுக்கு இரண்டு அமர்வுகளில் நான்கு மணி நேரம் பயின்றவர்களையும் ஒப்பிட்டு பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் 1978இல் எழுதினார்கள். ஒரு மணி நேரக்காரர்கள் குறைந்த மொத்த நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தங்கள் பயிற்சியைப் பற்றி அதிகம் குறைபட்டவர்களும் அவர்களே. நாட்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திப் போவதுபோல் அவர்களுக்குத் தெரிந்தது. ஞாயிறு முழுநாள் வகுப்புகளை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான். எங்கள் வட்டத்தில் இன்னும் அவற்றுக்குக் கூட்டம் குறையவில்லை. மதிய உணவு நன்றாக இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கூடுதல் வரவைத் திருப்பிக் கட்டிய விவரத்தைச் சொல்ல அந்தப் பனங்காட்டுப் பட்டறைக்கு நானே நேரில் போயிருந்தேன். சேலத்தில் ஒரு கொலுசு ஒரே இடத்தில் உருவாவதில்லை. கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகேற்றுவது இன்னொரு வீடு என்று தெருத்தெருவாக நகரும். அவருடைய பட்டறையில் கோக்கும் வேலை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வெள்ளி கையில் வருவதற்கு முன்னால் செம்புக் கம்பியில் பழகிக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர் ஒரு மாதிரிக் கொலுசை அவள் முன்னால் வைத்து, ஒருமுறை மெதுவாக விரலால் தடவிக் காட்டிவிட்டு, அதை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவள் ஆறு வளையங்களைக் கோத்தாள். ஏழாவதில் திருப்பம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நின்றாள். அவர் உடனே காட்டவில்லை; அவள் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, இரண்டும் சரியில்லை என்று உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் பீரோவைத் திறந்தார். ஒரு நொடி காட்டினார், மறுபடியும் பூட்டினார்.

“மாதிரிய பக்கத்துலயே வெச்சுக்கிட்டா கண்ணுதாங்க மேடம் வேல செய்யும். கை கத்துக்காது,” என்றார்.

மறுநாள் காலையில் புது வேலை தருவதற்கு முன் நேற்றையதை மாதிரி இல்லாமல் ஒருமுறை கோக்கச் சொல்வாராம். மூன்றாம் நாள் கேட்க மாட்டார். ஒரு வாரம் கழித்துத் திடீரென்று கேட்பார். செயின்ட் லூயிஸ் ஆய்வைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பீரோ என்னிடமும் இருந்தது. பூட்டி வைக்கும் பழக்கம்தான் இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1970களில் பரப்பிய அட்டைப் பெட்டி முறையை எனக்கேற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டேன். ஒரு மைசூர்பாகுப் பெட்டி, உள்ளே தடுப்புகள் வைத்து ஐந்து அறைகள். அட்டைகளுக்குப் பஞ்சமில்லை, முகூர்த்த மாதங்களில் வந்து குவியும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் கெட்டியான, பின்பக்கம் வெறுமையான அட்டைகள் கிடைக்கும். ஓர் அட்டையில் ஒரு கேள்விதான். விடை சரியாக வந்தால் அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை. இதையே செய்யும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. இளையவர்களுக்கு அவையே வசதி. எனக்குக் கைப்பேசியைத் திறந்தால் வாட்ஸ்அப் திறந்துகொள்கிறது.

ஆனால் இந்தப் பெட்டிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மொழி கற்பவர்களையோ மருத்துவ மாணவர்களையோ மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். அவர்களுடைய விடைகள் மாறுவதில்லை. எலும்பின் பெயர் அடுத்த ஜனவரியிலும் அதேதான். எங்கள் விடைகள் மாறும், மாறிய பிறகு பழைய விடை மூளையைக் காலி செய்யாமல் வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்போல் உட்கார்ந்திருக்கும். என் 20 விழுக்காடு அப்படி உட்கார்ந்திருந்ததுதான். அதனால் விதி மாறும்போது பழைய அட்டையைக் கிழித்துப் போடுவதை நிறுத்திவிட்டேன். அதே அட்டையில் பழைய விடையை ஒற்றைக் கோட்டால் அடித்து, அதற்கு எதிரே “இன்ன தேதி வரை” என்றும், கீழே புதிய விடையை “இன்ன தேதி முதல்” என்றும், ஏன் மாற்றினார்கள் என்பதை ஒரு வரியிலும் எழுதுகிறேன். பெட்டியைத் திருப்பும்போது இரண்டையும் தேதியோடு சேர்த்துச் சொன்னால்தான் விடை சரி. பழையது இன்னது என்று பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தால், அது புதியதன் வேடத்தில் வந்து ஏமாற்றுவது குறைகிறது. இதற்கு ஆய்வுச் சான்று என்னிடம் இல்லை. என் பெட்டிதான் சான்று.

எதை அட்டையில் எழுதுவது என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி, இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதல் வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, பெட்டி மூட முடியாமல் போயிற்று. மின்னணுப் பில் கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்பை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் 500 கோடி, 2021 ஜனவரியில் 100, ஏப்ரலில் 50, 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10, 2023 ஆகஸ்டில் 5. ஒவ்வொன்றையும் அட்டையாக்கி மனப்பாடம் செய்தேன். எதற்கு? 500 கோடிக்கு விற்கும் வாடிக்கையாளர் எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, வரம்பு ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, என் வாடிக்கையாளரின் கூரை வரை வருவதற்கு இன்னும் எத்தனை படி என்பது மட்டுமே.

இப்போது எனக்கு ஓர் உரைகல் இருக்கிறது. தவறு செய்தால் இணையதளமே சிவப்பெழுத்தில் தடுத்து நிறுத்தும் விஷயங்களை நான் மனப்பாடம் செய்வதில்லை. அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தவறு செய்தாலும் தளம் பேசாமல் ஏற்றுக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து நோட்டீஸாகத் திரும்பி வரும் விஷயங்கள்தான் அட்டைக்குப் போகும். 2020 பிப்ரவரியில் 24,000 என்று நான் போட்டபோது தளம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதோடு இன்னொரு வகையையும் சேர்க்கிறேன்: மடிக்கணினி அருகில் இல்லாத இடத்தில் என்னிடம் கேட்கப்படக் கூடியவை. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை பற்றிச் சந்தேகம் கேட்காத வெள்ளி வியாபாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அட்டையே தேவைப்படாத அடிக்கட்டை ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுகொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று. ஜிஎஸ்டி சட்டம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும், வழங்கல் நடந்ததா, எந்த இடத்தில், எப்போது, என்ன மதிப்பில், உள்ளீட்டு வரியைக் கழிக்கலாமா என்ற ஐந்து கேள்விகளின் மீதே நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் போய், 5, 18, 40 என்று வந்தபோது ஊரே பரபரத்தது. அந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுகூட அசையவில்லை. வெள்ளிக் கொலுசின் 3 விழுக்காடும் அசையவில்லை. தோட்டத்துக்காரர் ஒருநாள், சுற்றுலா வருபவர்களுக்குக் காப்பியை வறுத்துப் பொட்டலம் போட்டு விற்கலாமா என்று கேட்டார். பச்சைக் கொட்டைக்கு வரி இல்லை, வறுத்ததற்கு 5 என்பதை யார் வேண்டுமானாலும் தேடிச் சொல்லிவிடலாம். வரியில்லாததையும் வரியுள்ளதையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் நாள் முதல், உரத்துக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரியை இரண்டுக்கும் பங்கிட்டு, வறுத்ததற்குரிய பங்கை மட்டுமே கழிக்க முடியும் என்பது விகிதப் பட்டியலில் இருக்காது. அது கடைசிக் கேள்வியிலிருந்து தானாக இறங்கி வருவது. அன்று திண்ணையில் வைத்தே எந்தத் தாளும் இல்லாமல் அதைச் சொல்ல முடிந்தது, 2017இல் சட்டத்தின் முதல் சில அத்தியாயங்களை நிதானமாக, எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகப் படித்திருந்ததால்தான். வேகமாக மாறும் துறையில் அடிக்கட்டைக்குச் செலவிடும் நேரம் தாமதம்போலத் தெரியும்.

நன்னூலின் பாயிரத்தில் ஒரு கணக்கு வரும்: ஆசிரியர் சொல்லக் கேட்பதில் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதில். பள்ளியில் படித்தபோது நூற்பாக்களை ஒப்பிப்பதே பாடாக இருந்ததால் பொருளைக் கவனிக்கவில்லை. இப்போது வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலை கடை அடைக்கும் நேரத்தில், எங்கள் தெருவின் மூன்று கணக்கர்களுக்கு அந்த வார மாற்றம் ஒன்றைக் குறிப்பில்லாமல் சொல்கிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே எனக்குப் புரியாதது எது என்று தெரிந்துவிடும். சில வெள்ளிக்கிழமைகளில் அது மிகவும் சங்கடமாக இருக்கிறது.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை என்னிடம் பயிலும் பெண் தாராளமாகப் பயன்படுத்துகிறாள். தடுத்துப் பயனில்லை, தடுக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் கேள்வியைப் போட்டு, வந்த விடையைத் தலையாட்டிப் படிப்பதும் மஞ்சள் மைதான். இன்னும் பளபளப்பான மஞ்சள் மை. ஒருமுறை அது இல்லாத உட்பிரிவு ஒன்றைத் தயக்கமே இல்லாமல் எடுத்துத் தந்தது. இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: முதலில் அவள் தன் விடையைத் தாளில் எழுத வேண்டும், பிறகு செயலியிடம் கேட்கலாம், இரண்டும் வேறுபட்டால் சட்டப் பகுதியைத் திறக்க வேண்டும். வேறுபடும் நாட்களில்தான் அவள் கற்கிறாள், நானும்.

இந்த ஏப்ரல் முதல் எங்கள் மேசைக்குப் புதிய சோதனை வந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 536 பிரிவுகள் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இருபது வருடமாக நாக்கில் ஊறிய, சேமிப்புக்கான கழிவு தரும் 80சி பிரிவு இனி 123. பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரியில், சம்பளம் அல்லாத பிடித்தங்களுக்கான 194 வரிசை முழுவதும் 393க்குள் பட்டியல்களாக அடங்கிவிட்டது. கொடுமை என்னவென்றால், சென்ற நிதியாண்டின் வருமானத்துக்கான கணக்கைப் பழைய சட்டப்படிதான் தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஏப்ரலுக்குப் பிந்தைய பிடித்தத்துக்குப் புதிய சட்டம். ஆக, பழைய எண்ணை மறக்கவும் கூடாது, அது முந்திக்கொள்ளவும் கூடாது. பெட்டியில் ஒரு கட்டு அட்டைகள் முழுவதும் கோடு அடிக்கப்பட்டு முதல் அறைக்கு இறங்கியிருக்கின்றன.

நேற்று மாலை நான் ஒப்பீட்டுப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பயிலும் பெண் எதிரே வந்து உட்கார்ந்து, அந்தத் தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“அக்கா, ஒப்பந்தக் கூலிப் பிடித்தம், 194சி. இப்ப எங்க?”

“393.”

“அது தெரியும்க்கா. பட்டியல்ல எத்தனாவது வரிசை?”

எனக்கு வரவில்லை. அவள் உடனே தாளைத் திருப்பவும் இல்லை.